ஜட்ஜய்யாவின் கால்கள்

சினிமாவில் அவர் தூக்குத் தண்டனை கொடுத்தவர்களை எல்லாம் ஓரிடத்தில் நிறுத்தினால் ஒரு சின்ன ஊரே தேறும். ஆயுள் தண்டனை அதைவிட அதிகம். குற்றமற்றவர் என்று அவர் விடுவித்தவர்களில் பாதிப் பேர் கதாநாயகர்கள், மீதிப் பேர் கதாநாயகர்களின் அண்ணன்கள். இத்தனை பேர் தலையெழுத்தைத் தீர்மானித்த மனிதருக்கு, தன்னுடைய காபியில் சர்க்கரை ஒரு கரண்டியா ஒன்றரைக் கரண்டியா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. அது முழுக்க முழுக்க அவருடைய மனைவியின் எல்லைக்குள் வரும் விவகாரம்.

எல்லோரும் அவரை ஜட்ஜய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். சலூன்காரர், பால் போடுகிறவர், பல் டாக்டர், யாராக இருந்தாலும் ஜட்ஜய்யாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டைக்குள் அது சௌக்கியமாக இருந்தது. வெளியே எடுத்துப் புழங்க ஆள் இல்லை.

வாலிப வயதில் அவர் ஒரு தையல் கடையில் காஜா போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற வேலை. அந்தக் கடை சினிமாக்காரர்களுக்கும் உடுப்பு தைத்துக் கொடுக்கும். ஒரு நாள் நீதிபதி அங்கி ஒன்றைத் தைத்து முடித்து, அதைக் கொண்டுபோய்ப் படப்பிடிப்பில் கொடுத்துவிட்டு வரும்படி முதலாளி அவரை அனுப்பினார். போன இடத்தில் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதியாக நடிக்க வேண்டிய பெரியவருக்குப் பொன்னுக்கு வீங்கி. ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கன்னத்தோடு தீர்ப்புச் சொன்னால் கொட்டகையில் சிரிப்பார்கள் என்று டைரக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கியை அளவு பார்க்க யாராவது போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். காஜா போடுகிறவர் போட்டுக் காட்டினார். அவர் தோளுக்கென்றே வெட்டியது மாதிரி இருந்தது.

டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார். "உக்காரு. இந்தப் பேப்பரைப் பாரு. மெதுவா தலையைத் தூக்கு. 'அமைதி'ன்னு சொல்லு."

சொன்னார். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கும் தொண்டையும் அடைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல் கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. சாரத்தின் மேலிருந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து பீடியை அணைத்தார்.

அப்படி ஆரம்பித்ததுதான். அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது ஜலதோஷம் குணமாகியிருந்தது. சொந்தக் குரலில் "அமைதி" என்றார். கதவு கிறீச்சிடுகிற மாதிரி இருந்தது. "அந்தக் குரல் எங்கய்யா? வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்கள். அவர் மொட்டைவெயிலில் ஐஸ் தண்ணீரில் தலையைக் கழுவி, ஈரத் தலையோடு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மதியத்துக்குள் ஜலதோஷத்தை வரவழைத்துக்கொண்டார். தொழில் பக்தி என்றால் அது. பிற்பாடு தாடையை நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு பேசினால் உடம்புக்குக் கெடுதல் இல்லாமலே அந்தக் குரல் வரும் என்று கண்டுபிடித்தார். அதனால் அவருக்கு ரெட்டை மோவாய் விழுந்தது. அதுவும் நீதிபதிக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

காலம் ஓடியது. கதாநாயகர்கள் மாறினார்கள், வக்கீல்கள் வில்லன்களானார்கள், வில்லன்கள் அப்பாக்களானார்கள். ஜட்ஜய்யா மட்டும் அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். மீசை தானாக நரைத்தபோது மேக்கப்காரருக்கு ஒரு வேலை மிச்சமானது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தவர்கள் குறைவு. இத்தனை படங்களில் அவருடைய கால்கள் ஒரு முறைகூடத் திரையில் தெரிந்ததில்லை. படம் ஆரம்பித்து முக்கால்வாசி ஓடியபின் நீதிமன்றம் வரும். அதில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். தீர்ப்புச் சொன்னதும் காமிரா அழுகிற அம்மாவிடம் போய்விடும். அவர் எழுந்து எங்கே போனார் என்று கேட்பாரில்லை. நெஞ்சுக்குக் கீழே என்ன போட்டுக்கொண்டாலும் ஒன்றுதான் என்பதால், மேலே அங்கியும் கழுத்துப் பட்டையுமாக, மேஜைக்கு அடியில் கோடு போட்ட அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகத்தான் அவர் நீதி வழங்கினார். கொசு அதிகமுள்ள அரங்கங்களில் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டே சில பேரைத் தூக்குக்கு அனுப்பியிருக்கிறார்.

மகள் சின்னவளாக இருந்தபோது அவளை முதல் தடவையாகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். திரையில் அப்பாவைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவின் காதில், "அப்பாவுக்குக் கால் எங்கம்மா?" என்று கேட்டாள். கேட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையிலிருந்து யாரோ, "அதானே?" என்றார்கள்.

அன்றைக்கு அவருக்குள் ஒரு ஆசை விழுந்தது. ஒரே ஒரு படத்தில் நடக்க வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தெருவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் போதும். கேட்ட டைரக்டர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நீங்க நடந்தா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கய்யா. ஜட்ஜு ஏன் எழுந்து போறாருன்னு கேப்பாங்க."

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கல்யாணமான புதிதில் ஜட்ஜய்யா வீட்டிலும் குரலைக் கனமாக்கிக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார். அன்றோடு அந்த வழக்கு முடிந்தது.

தெருவில் மட்டும் அவருடைய செல்வாக்கு வேறு மாதிரி. தண்ணீர்க் குழாய்த் தகராறு, வண்டி நிறுத்துகிற தகராறு, மாடி வீட்டு நாய் கீழ் வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போன தகராறு, எல்லாம் அவர் வாசலுக்கு வரும். அவர் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வார். பிறகு தாடையை நெஞ்சில் அழுத்தி, "இரு தரப்பு வாதங்களையும் தீர விசாரித்ததில், சந்தேகத்தின் பலனை உரியவருக்கு அளித்து, இந்நிலைமையை மனத்தில் கொண்டு, இவ்வாறே ஆணையிடுகிறேன்" என்பார். என்ன ஆணையிட்டார் என்று யாருக்கும் புரியாது. ஜெயித்தது நாம்தான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாகப் போவார்கள்.

மெத்தை விவகாரத்தில்தான் இந்தத் தீர்ப்பு முறை பல்லிளித்தது.

எதிர்த் தெரு மெத்தை வியாபாரி ஒரு பெரிய மெத்தையைச் சுருட்டி ஸ்கூட்டருக்கு முன்னால் கட்டிக்கொண்டு வந்தார். மெத்தைக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. முனையில் திரும்பும்போது நேராகக் கண்ணாடிக் கடைக்குள் போய்விட்டார். கடையின் பெரிய கண்ணாடிக் கதவு பொடிப்பொடி. மெத்தைக்கு ஒரு கீறல் இல்லை. வியாபாரிக்கும் ஒன்றுமில்லை, அவர் மெத்தையின் மேலேயே விழுந்திருந்தார். எதிரே டீக்கடையில் நின்று ஜட்ஜய்யா இதைக் கண்ணாரப் பார்த்தார்.

"மெத்தை இடிச்சுக் கண்ணாடி உடையுமா? ஊருல யாரையாவது கேளுங்க," என்றார் மெத்தை வியாபாரி.

"மெத்தையோட ஒரு ஸ்கூட்டர் வந்துச்சே, அது?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

ஜட்ஜய்யா வழக்கம்போல் ஆணையிட்டார். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள். மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கதவை எதிர்பார்த்து மெத்தைக் கடையில் போய் நிற்க, மெத்தை வியாபாரியோ இவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டிருக்கிறார். குட்டு உடைந்தது. விவகாரம் நிஜக் கோர்ட்டுக்குப் போனது. கண்ணால் பார்த்த சாட்சி என்று ஜட்ஜய்யாவுக்கு சம்மன் வந்தது.

வாழ்நாளில் அவர் நிஜக் கோர்ட்டுக்குள் கால் வைத்ததே இல்லை.

"அங்க என்ன பண்ணணும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"எல்லாருக்கும் நீங்கதானே இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க, கடவுள் சாட்சியா உண்மையைச் சொல்லுன்னு. அதையே பண்ணுங்க."

அன்று காலை டீச்சர் அவருக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மரியாதையாக இருக்கட்டும் என்று இருப்பதிலேயே நல்ல கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். அது கறுப்புக் கோட்டு.

கோர்ட் கட்டடம் பழையது. எங்கே பார்த்தாலும் தாழ்வாரம். இரண்டாவது ஹால் எங்கே என்று அவர் விசாரித்தவர்களெல்லாம் அவருடைய கோட்டையும் மீசையையும் பார்த்துவிட்டு மரியாதையாக வழிவிட்டார்களே தவிர வழி சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்தவர் ஒரு குறுகலான நடையில் இருந்த கதவைத் தள்ளினார். மூன்று படிகள். ஏறினார். ஒரு திரை. விலக்கினார். எதிரே உயரமான முதுகு வைத்த நாற்காலி, நீள மேஜை, அதற்கும் கீழே நிறையப் பேர்.

அவர் எதையும் யோசித்ததாகப் பிற்பாடு அவருக்கே நினைவில்லை. நாற்காலியைக் கண்டதும் உடம்பு தன்பாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

அந்த கோர்ட்டுக்குப் புது நீதிபதி அன்றைக்குத்தான் பொறுப்பேற்க வர வேண்டியிருந்தது. வழக்கமான கிளார்க் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்தவர் நகல் பிரிவிலிருந்து காலையில்தான் தள்ளிவிடப்பட்டவர். வக்கீல்களுக்கோ ஜட்ஜய்யாவைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. கோர்ட்டில்தான் பார்த்திருப்போம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்துகொண்டார்கள். ஒரு மூத்த வக்கீல் பக்கத்திலிருந்தவரிடம், "இவர் முன்னாடி நான் ஆஜராகியிருக்கேன். ரொம்பக் கண்டிப்பு," என்று அடித்தே சொன்னார்.

ஜட்ஜய்யா தலையசைத்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இடம் மாறி உட்கார்ந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போகலாமென்று பார்த்தால் முழங்கால் மடங்கினது மடங்கினபடியே இருந்தது. அந்த மாதிரி நாற்காலியிலிருந்து காமிரா போகுமுன் எழுந்து அதற்குப் பழக்கமில்லை. சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அமைதி," என்று வந்தது.

ஏற்கெனவே அமைதியாக இருந்தவர்கள் இன்னும் அமைதியானார்கள். பின்வரிசையில் ஒருவர் இருமலை விழுங்கினார்.

ஒரு வக்கீல் எழுந்து வாய்தா கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். இருவரும் இவரைப் பார்த்தார்கள். இவர் திருதிருவென்று விழித்தார். அதை அவர்கள் ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள். பயத்தில் ஆட்சேபித்தவரே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். தலைக்கு மேலே மின்விசிறி பேயாகச் சுழன்று மேஜைக் காகிதங்களைக் கிளப்பியது. ஜட்ஜய்யா கிளார்க்கைப் பார்த்து, "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க," என்றார். அந்தக் குரலுக்கு இரண்டு பேர் ஓடினார்கள்.

அடுத்ததாகக் கண்ணாடிக் கதவு வழக்கைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் மெத்தை வியாபாரியும் உள்ளே வந்தார்கள். மேலே பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கே போனாலும் இந்த மனுஷன்தானா என்று இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்வி. அந்த வழக்கில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"சாட்சியைக் கூப்பிடுங்க," என்றார் கிளார்க்.

வாசலில் நின்ற டவாலி வெளியே பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூவினார். பதில் இல்லை. மறுபடி கூவினார். ஜட்ஜய்யாவும் எல்லோரையும் போலக் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். இத்தனை சத்தமாகக் கூப்பிட்டும் வராமல் எவன் அவன் என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. டவாலி கடைசியாக ஒரு முறை, அப்பா பெயரையும் சேர்த்துக் கூவினார். அப்பா பெயரைக் கேட்டதும்தான் பொறி தட்டியது.

"இங்கதான் இருக்கேன்," என்றார் ஜட்ஜய்யா, கையைத் தூக்கி. பதற்றத்தில் தாடை நெஞ்சைவிட்டு விலகியிருந்தது. கதவு கிறீச்சிடுகிற அந்தச் சொந்தக் குரல்தான் வெளியே வந்தது.

பக்கவாட்டுத் திரையருகே கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"நீங்க எழுந்திரிச்சா," என்றார் அவர், கோபமே இல்லாமல், "நான் உக்காந்துக்குவேன்."

அவர்தான் நீதிபதி.

இரண்டு பேர் கைத்தாங்கலாக ஜட்ஜய்யாவை நாற்காலியிலிருந்து கழற்றி எடுத்தார்கள். நீதிபதி அவரைத் தன் அறைக்கு வரச் சொன்னார். வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச நடிகர். அதை அப்புறம் பேசலாம். உள்ள உக்காந்து ஏதாவது உத்தரவு போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணும்மா."

"என்ன?"

"ஃபேனைக் குறைக்கச் சொன்னேன்."

நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் சரியாக இருந்தது. "அந்த உத்தரவு செல்லும். மத்தபடி, இன்னிக்கு கோர்ட் கலையிற வரைக்கும் அந்தச் சுவரோரமா நில்லுங்க. உக்காரக் கூடாது. புரிஞ்சுதா?"

நாற்காலியிலேயே காலம் தள்ளிய மனிதர் அன்று சாயங்காலம் வரை நின்றார். நின்றபடியே மெத்தை முதலில் இடித்தது, ஸ்கூட்டர் தொடர்ந்து இடித்தது என்று சாட்சியும் சொன்னார். மிச்ச நேரமெல்லாம் நீதிபதி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜையைத் தட்டவே இல்லை. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் தண்ணீர் குடித்தார். ஒரு கிழவர் சொன்னது காதில் விழவில்லையென்று, "இன்னொரு தரம் சொல்லுங்க பெரியவரே," என்றார். இந்த அம்மாவை எந்த டைரக்டரும் ஜட்ஜு வேஷத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஜட்ஜய்யாவுக்குத் தோன்றியது. கூடவே, தன்னை யாராவது விசாரிக்க நேர்ந்தால் இவரே விசாரித்தால் தேவலை என்றும் தோன்றியது. கடைசியில் பாதிக் கதவுக்கு மெத்தை வியாபாரி பொறுப்பு என்று இரு தரப்பும் சமாதானமாகிக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'நிஜ நாற்காலியில் நிழல் நீதிபதி' என்று ஒன்று எழுதியது. டீச்சர் அதை வாசித்துவிட்டு, "போட்டோவுல கோட்டு நல்லா விழுந்திருக்கு," என்றார்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு நெட்டையான இளம் டைரக்டர் வீடு தேடி வந்தார். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, நெற்றியைத் தடவியபடியே விஷயத்தைச் சொன்னார்.

"மாப்பிள்ளையோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுக் கிளம்புற மாமனார் வேஷம். டி.வி. ரிமோட்டுக்காகச் சண்டை. குடையை எடுத்துக்கிட்டு தெருவுல இறங்கி நடந்து போறீங்க. அந்த நடைதான் சார் படமே."

"நடந்தா?"

"ஆமா சார். தெருக்கோடி வரைக்கும்."

ஜட்ஜய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுவதும் வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் நடந்து பார்த்தார். நாற்காலி, டீப்பாய், மனைவி எல்லாவற்றின் மீதும் மோதினார்.

"தினமும் கடைக்கு நடந்துதானே போறீங்க. இதுக்கு என்ன ஒத்திகை?" என்றார் டீச்சர்.

"அது கடைக்குப் போறது. இது நடிப்பு. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் ஒன்றில்லைதான். படப்பிடிப்பில் அது ஊரறியத் தெரிந்துபோனது. தெருவை மறித்து, வேடிக்கை பார்ப்பவர்களை ஒதுக்கி, காமிராவை வைத்து, "நடங்க சார்," என்றார்கள். ஜட்ஜய்யா வலது காலை எடுத்து வைத்தார். வலது கையும் கூடவே போனது. இடது காலோடு இடது கை போனது. கயிறு கட்டி ஆட்டுகிற பொம்மை மாதிரி இருந்தது. திரும்ப எடுத்தார்கள். இந்தத் தடவை காலையே பார்த்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். அதற்கடுத்த தடவை கை கால் எல்லாம் சரியாக வந்தது, குடை திறந்துகொண்டது. காற்று அவரைப் பின்பக்கமாகவே திரும்ப வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு நடக்க வருமா, வராதா?" என்றார் டைரக்டர்.

"காமிரா இல்லாம நல்லா வருதுப்பா."

வேறு வழி தெரியாமல் டீச்சருக்குப் போன் போட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, வெள்ளை கேன்வாஸ் ஷூவும் விசிலுமாக வந்து இறங்கினார். "கையை வீசுங்க. மூஞ்சியை நேரா வைங்க. லெஃப்ட், ரைட்," என்று விசிலடித்தார். ஜட்ஜய்யா நடந்தார். அணிவகுப்பில் கொடிக்கு வணக்கம் செலுத்தப் போகிறவர் மாதிரி நடந்தார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நாலைந்து பேர் பின்னாலேயே அணிவகுத்தார்கள். டைரக்டர் நடைபாதையில் உட்கார்ந்து தன் நீளமான கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கணவருக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க நடிச்ச எந்தப் படத்துலயும் நான் தீர்ப்பைக் கேட்டதில்லை."

"என்னது?"

"தூங்கிடுவேன். நீங்க 'இரு தரப்பு வாதங்களையும்'னு ஆரம்பிச்சாலே போதும், கண்ணு சொக்கிடும். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு தூக்கம் வருதுங்க. பாப்பா சின்னதுல அழுதாக்கூட உங்க படத்தைத்தான் டி.வி.யில போட்டு விடுவேன். ரெண்டு பேரும் தூங்கிடுவோம்."

ஜட்ஜய்யாவின் மீசை துடித்தது. "கூடப்பிறந்த தம்பியையே தூக்குல போட்டுட்டு, மேஜையில தலையைச் சாய்ச்சு அழுவேனே, அந்தப் படம்? அவார்டு குடுத்தாங்களே?"

டீச்சர் யோசித்தார். "உங்களுக்குத் தம்பி உண்டா அதுல?"

ஜட்ஜய்யா கீழே கிடந்த குடையை வெடுக்கென்று எடுத்தார். திரும்பினார். நடந்தார்.

டைரக்டர் தலையைத் தூக்கினார். வாயில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, காமிராக்காரருக்குக் கையைக் காட்டினார்.

அடடா, என்ன நடை அது. முதுகில் கோபம் தெரிந்தது. கழுத்தில் மானம் தெரிந்தது. குடை நுனி தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழும்ப, பாதி வழியில் ஒரு கால் தயங்கி, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்து, கூப்பிடாததால் இன்னும் வேகமாகப் போனது. அந்தத் தயக்கத்தைப் பார்த்து விளக்குப் பிடிப்பவரின் கண் கலங்கிவிட்டது.

தெருக்கோடி வந்தது. "கட்," என்றார் டைரக்டர். ஜட்ஜய்யா நிற்கவில்லை. முனையில் திரும்பினார். அங்கே ஒரு பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டார், படக் கம்பெனியின் உடுப்போடும், குடையோடும், மேக்கப்போடும். உதவி டைரக்டர் ஒருவர் பஸ்ஸின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

"நடை வரணும்னு டைரக்டர் சொல்லச் சொன்னதுதானே அது?" என்று சுவரையே பார்த்துக் கேட்டார்.

"அவர் எதுக்குச் சொல்லணும்? நிஜம்தான்."

அவர் முகம் இன்னும் சுருங்கியது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாள் முழுக்க அந்தப் பிள்ளைங்களோட கத்திட்டு வர்றேன். எனக்கு லேசுல தூக்கம் வராது. உங்க குரல் கேட்டா வந்துடும். நீங்க இருக்கீங்க, எல்லாத்தையும் பாத்துக்குவீங்கன்னு தோணும். அப்புறம் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

ஜட்ஜய்யா சுவரிலிருந்து திரும்பினார். பிறகு காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஒன்றரைக் கரண்டி போட்டிருந்தது.

படம் வந்தது. குடும்பத்தோடு போனார்கள். அந்த நடை திரையில் வெகுநேரம் வந்தது. ஆனால் காமிரா வீட்டு வாசலில் இருந்ததால் முழுக்க முழுக்கப் பின்பக்கம்தான். முதுகு தெரிந்தது, குடை தெரிந்தது, இடுப்பிலிருந்து செருப்பு வரைக்கும் இரண்டு கால்களும் பளிச்சென்று தெரிந்தன. முகம்தான் இல்லை. இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் ஜட்ஜய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க எப்ப சார் வருவீங்க? கோர்ட் சீன் இருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார். "இருக்கு, இருக்கு," என்று ஜட்ஜய்யா பூசி மெழுகினார்.

சினிமாக்காரர்களுக்கு மட்டும் அது யார் நடை என்று தெரிந்திருந்தது. அதிலிருந்து அவருக்கு விதவிதமாக வேஷங்கள் வர ஆரம்பித்தன. மாடிப்படி ஏறும் தாத்தா, ரயிலைத் துரத்தும் தாத்தா, பேரனோடு பந்து விளையாடும் தாத்தா. ரயிலைத் துரத்தியதில் முழங்கால் வீங்கியது. பந்து விளையாடியதில் மற்ற முழங்காலும் வீங்கியது. டீச்சர் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து இரண்டுக்கும் கட்டுப் போட்டுவிட்டு, இனிமேல் உட்கார்ந்து நடிக்கிற வேஷமாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அவர் மிகவும் உற்சாகமாகப் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஒத்துக்கிட்டேன். ராஜா வேஷம். படம் முழுக்க உக்காந்தே இருக்கலாம்."

"சிம்மாசனத்துலயா?"

"இல்ல. குதிரை மேல."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த டீச்சர் நிறுத்தினார்.

"குதிரை எவ்வளவு உசரம்னு கேட்டீங்களா?"

"கேக்கலையே."

"அது நிக்குமா, ஓடுமா?"

ஜட்ஜய்யா பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, போன் இருந்த மேஜையை நோக்கி நொண்டிக்கொண்டே போனார்.